ஒரு நாளைக்கு ஆறு டம்ளர்

— எப்பிடி கீது?

— ம்ம்.

— ம்ம்முன்னா இன்னா அர்த்தம்?

— நல்லா கீதுன்னு அர்த்தம்.

— சக்கர?

— கரெக்ட்டா கீது.

— பப்பாளி கொஞ்சம் காயோன்னு நெனச்சேன்...

— அதெல்லாம் இல்ல. நல்ல பழம். தேன் மாதிரி கீது.

— அப்ப அடில கீறதையும் வழிச்சி சாப்டுங்க.

சைலஸ் எவர்சில்வர் டம்ளரின் அடியை ஸ்பூனால் வழித்தார். சொன்னது முழுப் பொய். அவர் வாயில் பப்பாளியும் இல்லை, தேனும் இல்லை. சில்லென்று ஏதோ ஒன்று நாக்கின் மேல் உட்கார்ந்து, கரைந்து, எரிச்சல் இல்லாமல் தொண்டையில் இறங்கியது. அவ்வளவுதான். அது பப்பாளி என்று தெரிந்ததே, காலையில் பல் துலக்கப் போகும்போது அடுப்படிக் கூடையில் கிடந்த தோலைப் பார்த்ததால்தான். தினமும் அப்படிப் பார்த்து வைத்துக்கொள்வார். இது என்ன பழம் சொல்லுங்க என்று ஐடா கேட்டுவிட்டால் தடுமாறக் கூடாது இல்லையா.

அவருக்கு அறுபது வயது. இருபத்திரண்டு வயதில் தங்கச் சுரங்கத்தில் சேர்ந்து, அதை மூடும்வரை பதினான்கு வருஷம் ஆட்களை அடியில் இறக்கும் கேஜ் கூண்டில் ஏறி இறங்கியவர். அதன் பிறகு பெங்களூரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. விடியற்கால ரயிலில் போய் இருட்டியதும் திரும்பும் பிழைப்பில் இருபத்திரண்டு வருஷம் போயிற்று. மகள் லவினா கல்யாணமாகி ஓசூருக்குப் போனதும், மைசூர் மைன்ஸ் பக்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் அவரும் மனைவி ஐடாவும்தான்.

டிசம்பரில் சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகும்போது அவர் குரல் கரகரத்து நின்றுவிட்டது. சளி என்று நினைத்தார்கள். ஜனவரியில் பெங்களூர் ஆஸ்பத்திரியில், அடித்தொண்டையில் கட்டி, முப்பத்து மூன்று நாள் கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். ரேடியேஷனை அங்கே வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். போகப் போகத் தொண்டை புண்ணாகும், சாப்பாடு இறங்காது, எடை ஐம்பது கிலோவுக்குக் கீழே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றும் டாக்டர் சொல்லிவைத்தார். அன்று சைலஸ் ஐம்பத்தெட்டு கிலோ இருந்தார்.

— கேட்டுக்கினியா? கொழாயாம்.

— போட்டா இன்னாங்க? கொஞ்ச நாளைக்குத்தான?

— மூக்குல கொழாய சொருவிக்கினு நான் நம்மூரு கோரமண்டல் ஸ்டேஷன்ல எறங்கணுமா? டிரெயின்ல பாதிப் பேரு என்னிய தெரிஞ்சவன்.

— அப்ப சாப்புடணும்.

— சாப்புடறேன்.

— எரிஞ்சாலும் சாப்புடணும்.

— சாப்புடறேன்னு சொன்னேன் இல்ல...

வாயால் சொல்லிவிட்டார். ஆனால் மூன்றாவது வாரத்தில் கஞ்சி நெருப்பாக இறங்கியது. ஆறவைத்த ரசம் வாயில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆரஞ்சு ஜூஸ் ஒரு மடக்குதான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அதற்கு முன்பே, இரண்டாவது வாரத்திலேயே, நாக்கு செத்துப்போயிருந்தது. ஒரு நாள் காலையில் காபி வெந்நீராக இருந்தது. ஐடா டிகாஷனே ஊற்றவில்லை போலிருக்கிறது என்று டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். நிறம் இருந்தது. அப்போதுதான் புரிந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. முப்பத்து மூன்று வருஷமாக அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

சூடு ஆகாதென்றால் சில்லென்று கொடுத்துப் பார்ப்போம் என்று ஐடாதான் ஆரம்பித்தாள். முதல் நாள் தர்ப்பூசணிச் சாறை டம்ளரில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தாள். அது கல்லாக உறைந்து, உடைத்துக் கொடுத்ததில் ஓரம் கீறி ஈறில் ரத்தம் வந்தது. அடுத்த நாள் சப்போட்டா. அதிலிருந்த நறநறப்பு தொண்டையில் மணலாக ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் வாழைப்பழத்தை வில்லை வில்லையாக உறையவைத்து அப்படியே மிக்ஸியில் போட்டாள். பிளேடு மாட்டிக்கொண்டு மிக்ஸி உறுமியது. கருகிய வாசனை வருகிறது என்று சொல்லி அவள்தான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். பக்கத்தில் நின்ற சைலஸுக்கு அதுவும் தெரியவில்லை.

நான்காம் நாள் அவளுக்குப் பிடி கிடைத்தது. பழத்தை மெல்லிய துணியில் வடிகட்டி, பாலும் கெட்டித் தயிரும் சேர்த்து, இரண்டு மணி நேரம் உறையவைக்க வேண்டும். முழுதாக உறைவதற்குள் எடுத்து ஒரு சுற்று அரைத்து, திரும்ப வைத்து, திரும்ப எடுத்து இன்னொரு சுற்று அரைக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஐஸ் கல்லாகாமல் வெண்ணெயாக வந்தது. அதை அவள் நீட்டியபோது தலைமுடியில் வாழைப்பழம் ஒட்டியிருந்தது. அவர் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். ருசி ஒன்றுமில்லை. ஆனால் எரியாமல் இறங்கியது. ஒன்பது நாளில் எரியாமல் இறங்கிய முதல் ஆகாரம் அதுதான்.

— எப்பிடி கீது?

— ...

— சொல்லுங்களேன்.

— ராபர்ட்சன்பேட்ட பேக்கரில கூட இப்பிடி கெடைக்காது ஐடா.

— நெஜமா?

— இன்னொரு ஸ்பூன் குடு.

ஐடா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் என்று ஆனது.

ஆறு டம்ளருக்கு அவர்கள் வீட்டுச் சின்ன ஃபிரிட்ஜ் போதவில்லை. போதாததற்கு மார்ச் மாதம் வீட்டு மின்சாரமும் போய்ப் போய் வந்தது. அவர்கள் லைனில் போனால் எதிர் லைனில் இருக்கும். அது வேறு ஃபேஸ். எதிர் லைனில் பார்வதம்மாவின் வீடு. அந்த அம்மா தன் ஃப்ரீசரிலிருந்த பட்டாணியையும் கறிவேப்பிலையையும் எடுத்துவிட்டு, ஒரு தட்டு முழுக்க ஐடாவுக்கென்று ஒதுக்கிக் கொடுத்தாள். விளக்கு அணைந்ததும் ஐடா தட்டோடு தெருவைக் கடப்பாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கேட்டு, வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் கால்களை மடக்கி வழிவிடுவார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் இரண்டு டம்ளரைத் துண்டில் சுற்றி, மீன் வாங்கிய தெர்மாகோல் பெட்டியைக் கழுவி அதில் அடுக்கிக் கொண்டுபோனாள். கரண்டு வைத்து முடிந்ததும் ஒன்று. திரும்பி வரும்போது ரயிலில் ஒன்று. அவரோடு வேலைக்குப் போய்வந்த டைட்டஸ் இப்போதும் அந்த ரயிலில்தான் போய்வந்துகொண்டிருந்தான். தினமும் ஜன்னலோரம் ஒரு இடம் பிடித்து வைத்து, வேறு யாரும் உட்காராதபடி பையைப் போட்டிருப்பான். சைலஸ் சாப்பிடும்போது மட்டும் யாரும் அவர் பக்கம் பார்க்க மாட்டார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது.

முப்பத்து மூன்றாம் நாள் அவரை எடை மெஷினில் ஏற்றினார்கள். ஐம்பத்திரண்டரை. சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்லும் பெண் நம்பாமல், இறங்கி இன்னொரு தரம் ஏறச் சொன்னாள். அதே ஐம்பத்திரண்டரைதான். அந்த வாரம் முடித்தவர்களில் குழாய் இல்லாமல் வெளியே வந்தவர் அவர் ஒருவர்தான் என்று அவளே கன்னடத்தில் சொன்னாள். ஏப்ரலில் செக்கப்புக்குப் போனபோது ஐம்பத்து நான்கு. மே மாதம் ஐம்பத்தைந்தரை. அப்போதுதான் அந்தப் பெண் ஐடாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நோயாளிகளோடு வருகிறவர்களுக்கு வியாழக்கிழமை ஒரு கூட்டம் இருக்கிறது, என்ன செய்தீர்கள் என்று நீங்களே வந்து சொல்லுங்கள் ஆன்ட்டி என்று கேட்டாள்.

— நான் போவல.

— ஏன்?

— எனக்கு இன்னா தெரியும்? அங்க எல்லாம் படிச்சவங்க வருவாங்க.

— படிச்சவங்க வூட்ல கொழா போட்டுக்கினு கீறாங்க. நீ செஞ்சத நீதான சொல்லணும்?

— தமிழ்லதான் சொல்லுவேன். நடுவுல கன்னடம் வந்தா வரும்.

— எதுல வேணா சொல்லு. போ.

வியாழக்கிழமை சர்ச்சுக்குக் கட்டும் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். கண்ணாடிக் கதவு போட்ட அறை அது. சைலஸ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேசுவது கேட்கவில்லை. முதலில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு குனிந்து நின்றாள். பிறகு ஒரு கை எழுந்தது. துணியில் பழத்தைப் பிழிவதுபோலக் காட்டியது. இரண்டு விரல் நீட்டியது. இரண்டு மணி நேரம் என்கிறாள். மிக்ஸி மூடியை அழுத்திப் பிடிப்பதுபோல உள்ளங்கையைக் கவிழ்த்தாள். முன்வரிசையில் இருந்தவர்கள் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்ததும் சைலஸுக்கு நெஞ்சு விம்மியது. சுரங்கத்தில் நல்ல வேலைக்காரன் என்று அவருக்கு ஒரு தரம் மேடையில் ஏற்றிக் கடிகாரம் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குக்கூட இப்படி இல்லை.

பெஞ்சின் மறுகோடியில் ஜெயகரன் உட்கார்ந்திருந்தார். மாலூர் பக்கம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், அவருக்கும் தொண்டையில்தான். பாதிக் கரண்டு முடிந்திருந்தது. அவர் மகள் அறைக்குள் எழுதிக்கொண்டிருந்தாள். ஜெயகரன் மெதுவாக நகர்ந்து பக்கத்தில் வந்தார்.

— ஒரு விஷயம் கேக்கலாமா சார்?

— கேளுங்க.

— உண்மைய சொல்லணும். உங்களுக்கு ருசி தெரியுதா?

சைலஸ் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். சாத்தித்தான் இருந்தது.

— தெரியாது.

— கொஞ்சங்கூட?

— கொஞ்சங்கூட. உப்பு, ஒறப்பு, இனிப்பு... எதுவுமே கெடையாது.

— அப்புறம் எப்பிடி ஆறு டம்ளர்? என்னால ஒரு வாய் முடியல. மண்ணு மாதிரி இருக்கு.

— எனக்கும் மண்ணுதான் சார். நான் மைன்ஸ்ல இருந்தவன். அடி லெவல்ல பாறையே சுடும். புடிச்சா போயி எறங்கனோம்? ஷிஃப்ட்டுன்னா ஷிஃப்ட்டு. கேஜில ஏறணும், எறங்கணும், வேலைய முடிச்சிட்டு மேல வரணும். இதுவும் அப்பிடித்தான். ஒரு நாளைக்கு ஆறு ஷிஃப்ட்டு.

— வீட்ல சொல்லலியா?

— அவ கஷ்டப்பட்டு அரைச்சி எடுத்தாறா. எப்பிடி சொல்றது...

— ம்.

— ஒங்க பொண்ணும் இன்னிக்கிப் போயி அரைக்கும். எரியாது. அதுக்கு நான் கேரண்டி. கண்ண மூடிக்கினு ஒரு ஷிஃப்ட்டு எறங்குங்க.

ஜெயகரன் கண்ணாடிக் கதவு வழியாக மகளைப் பார்த்தார். பிறகு தெர்மாகோல் பெட்டியைக் காட்டி, அதில் இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. மகள் வெளியே வந்தபோது அவர் கையில் பாதி காலியான டம்ளர் இருந்தது. அவள் கதவிலேயே நின்றுவிட்டாள். எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, நன்றாக இருக்கிறது என்று வாத்தியார் சொன்னார். சொல்லிவிட்டு சைலஸைப் பார்க்காமல் ஸ்பூனைப் பார்த்துக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் ஐடா காலி டம்ளர்களைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். பங்காருப்பேட்டை தாண்டிய பிறகுதான் வாய் திறந்தாள்.

— எழுதிக்கிறாங்கங்க.

— பாத்தேன்.

— நான் சொல்றத எழுதிக்கிறாங்க. நான் ஒம்போதாவது பெயிலு.

— அவங்களுக்கு அது தெரியுமா?

— நானே சொல்லிட்டேன்.

— எதுக்கு?

— எழுதறத நிறுத்தறாங்களான்னு பாக்கத்தான். ஒருத்தரும் நிறுத்தல.

எதிர் சீட்டில் டைட்டஸ் சிரித்தான். எங்கே போய் வருகிறீர்கள், இன்றைக்கு அக்கா பட்டுப்புடவையில் இருக்கிறார்களே என்று கேட்டான். சைலஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். குரல் இன்னும் முழுதாகத் திரும்பியிருக்கவில்லை. ஆனாலும் மூன்று வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

— ஒங்கக்கா ஆஸ்பத்திரில கிளாஸ் எடுத்துட்டு வர்றா. இருவது பேருக்கு.

ஐடா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அதன் பிறகு சில வாரம், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் பழம் வாங்கும்போதுகூட அவள் நடையில் ஒரு நிமிர்வு இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து யார் யாரோ போன் செய்து சந்தேகம் கேட்டார்கள். மாம்பழத்தில் நார் இருந்தால் என்ன செய்வது, மிக்ஸி சுற்றவில்லை என்றால் என்ன செய்வது என்று. அவள் அடுப்படியில் நின்று போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவசரப்படாதீங்க, பாதி உறைஞ்சதும் எடுங்க என்று சொல்வதை சைலஸ் உள் அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவர் எடை ஐம்பத்தேழுக்கு வந்திருந்தது. தினமும் கூடையைப் பார்ப்பதும், பார்த்ததைச் சொல்வதும் மட்டும் நிற்கவில்லை.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஐடா இரண்டாவது டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தாள். சைலஸ் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். அடுத்ததை எடுத்தவர் பாதியில் நிறுத்தினார்.

— இன்னா, நிறுத்திட்டீங்க?

— இதுல இன்னா போட்ட?

— சப்போட்டா.

— அது சரி. அதுங்கூட?

— பாலு. தயிரு.

— இல்ல... வேற இன்னாமோ கீது. நான் இஸ்கூல்ல படிக்கும்போது அண்டால கலக்கி ஊத்துவாங்க, பவுடர் பாலு... அந்த வாசன வருது. எனக்கு அது ஆவாதுன்னு ஒனக்குத் தெரியும் இல்ல? இன்னாத்துக்கு இதப் போயி...

சொல்லிக்கொண்டே வந்தவர் தானே நிறுத்திக்கொண்டார். ஐடா கையிலிருந்த துணியை மடியில் வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

— வாசன வருதா?

— ...

— திரும்ப சொல்லுங்க. வாசன வருதா ஒங்களுக்கு?

— வருது.

— சப்போட்டா?

அவர் இன்னொரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கரையும்வரை காத்திருந்தார்.

— லேசா. தூரத்துல... ஆனா வருது ஐடா. இனிப்பு வருது.

ஐடா எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் அவரால் பேச முடிந்தது.

— ஒரு விஷயம் சொல்லணும் உங்கிட்ட. இத்தினி நாளா எனக்கு ருசியே தெரியல. தேன் மாதிரி கீதுன்னு சொன்னது, பேக்கரின்னு சொன்னது... எல்லாம் பொய்யி. கூடையில தோல பாத்துட்டு வந்து சொன்னேன்.

— தெரியும்.

— எது தெரியும்?

— எல்லாம்.

— எப்பத்திலேர்ந்து?

— மொத நாள்லேர்ந்து. வாழப்பழம் சரியா வந்துச்சே, அன்னிக்கி. ஆஸ்பத்திரி பொண்ணு குடுத்த சத்துப் பவுடர் ரெண்டு கரண்டி போட்டிருந்தேன். ஒங்க மூக்குக்கு அது தெரிஞ்சிருந்தா டம்ளரோட தெருவுல வந்து வுழுந்திருக்கும். நீங்க பேக்கரில கெடைக்காதுன்னீங்க. உள்ள போயி அழுதுட்டு வந்தேன். இது வரைக்கும் பதிமூணு டப்பா ஆயிடுச்சி.

— பதிமூணு டப்பாவா?

— ஆமா. பார்வதம்மாக்கா வூட்லதான் வெச்சிருந்தேன்.

சைலஸ் டம்ளரைப் பார்த்தார். வாத்தியாரின் மகள் அன்று நோட்டில் இதையும் சேர்த்துத்தான் எழுதிக்கொண்டாளோ என்று தோன்றியது. தூறல் சத்தம் கொஞ்சம் வலுத்தது.

— எல்லாம் தெரிஞ்சும்... அப்பறம் எதுக்கு தெனம் ஆறு தரம் வந்து, எப்பிடி கீது, எப்பிடி கீதுன்னு நின்ன?

— கேட்டா, நல்லா கீதுன்னு சொல்லுவீங்க. வாயால சொல்லிட்டா, அப்பால டம்ளர்ல மிச்சம் வெக்க ஒங்க ரோஷம் வுடாது. அதுக்குத்தான்.